பிக்கப்பில் லோயர் ஆர்ம் மாற்றுவது: கடைசி முறுக்குக்கு அவசரம் வேண்டாம்

விடிவதற்கு முன்னால் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேக்கா பக்கம் வருகிற என் பிக்கப், கார்பார்க் ஹம்ப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்துக்குக் கீழே "டொக்" என்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. பின்னால் கூடைதான் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். காலி வண்டியிலும் அதே சத்தம் வந்த பிறகுதான் டார்ச் எடுத்துக் குனிந்து பார்த்தேன்: சக்கரத்தை சேஸிஸ் என்கிற வண்டிச் சட்டத்தோடு கீழே இணைக்கிற லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷில், அதாவது அது ஆடுகிற மூட்டில் இருக்கும் உருளையில், ரப்பர் பிய்ந்து, நடுவில் இருக்கவேண்டிய இரும்புக் குழல் ஒரு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. வண்டி வைத்திருக்க வாங்கும் அனுமதியான சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டுகிற பழைய வண்டி, சிஓஇயைப் புதுப்பித்தோம், ரப்பரை யார் புதுப்பித்தது?

சத்தம் மட்டும் வைத்து ஆர்ம் வாங்கிவிடாதீர்கள். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டயரின் உள்ஓரம் மட்டும் மொட்டையாகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே சின்னக் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் நெளிந்து திரும்பும், போன புஷ் சும்மா தொளதொளவென்று நகரும். ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் குண்டு மூட்டான பால் ஜாயிண்டைப் பார்க்க ஜாக்கை லோயர் ஆர்முக்கு அடியிலேயே, ஜாயிண்டுக்குப் பக்கமாக வைத்துத் தூக்க வேண்டும். ஸ்பிரிங் பாரம் ஜாயிண்டில் உட்கார்ந்திருந்தால் ஆட்டம் தெரியாது. தூக்கிய பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இடமும் வலமும் பிடித்தால்தான் ஆடுகிறது என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் எண்டைச் சந்தேகப்படுங்கள், அது வேறு வேலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக இருந்து, அதன் அடி லோயர் ஆர்மில் ஒரு போல்ட்டில் நிற்கிற வண்டிக்கு. 2005க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ் இந்த வகைதான். அந்தச் செட்டில் ஸ்பிரிங் தன் கூட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், அடி போல்ட்டைக் கழற்றினால் பாயாது. முதல் தலைமுறை டி-மேக்ஸ் மாதிரி, காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் வைத்த வண்டியில் முதலில் பாரின் முறுக்கை இறக்க வேண்டும், இறக்கும்போது அட்ஜஸ்ட் போல்ட்டை எத்தனை சுற்று திருப்பினோம் என்று எண்ணி எழுதி வைக்கவில்லை என்றால் வண்டி உயரம் மாறிவிடும். ஸ்பிரிங் தனியாக நேரே ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியா? அதை வீட்டு வேலையாகச் செய்யவே வேண்டாம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரஸர் இல்லாமல் ஆர்மை இறக்கினால் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இடம் அடுத்த தலைவலி. வீட்டு புளோக் கார்பார்க்கில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு மணிக்கணக்கில் உட்காருவது நடக்காத காரியம். திறந்த தார்த் தளம் மத்தியான வெயிலில் இளகி ஜாக் ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சமமான காங்கிரீட் தரை கட்டாயம் வேண்டும். எனக்கு காக்கி புக்கிட்டில் ஒரு அண்ணனின் வொர்க்‌ஷாப், ஞாயிற்றுக்கிழமை மூலையில் ஒரு இடம் கொடுப்பார், பதிலுக்கு கோப்பி ஓ.

புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் அடித்து மாற்றலாம், மலிவு. ஆனால் பால் ஜாயிண்டும் அதே வயதுதானே, கழற்றும் வேலையும் அதேதான், அதனால் முழு ஆர்ம் வாங்குவதே என் கட்சி. வாங்கி வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: ஓட்டைக்கு ஓட்டை தூரம், வளைவு, ஷாக் உட்காரும் இடம். எனக்கு ஒருமுறை பெட்டியில் இடது என்று எழுதி உள்ளே வலதை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். பழையதைக் கழற்றிப் போட்ட பிறகு அதைக் கண்டுபிடிப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், ஞாயிறு சாயங்காலம், கடை மூடியாச்சு.

முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வேலை தொடங்கும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்மேலாக டேப் பிடித்து அளந்து கையில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 51 சென்டிமீட்டர். இந்த ஒரு எண் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரண்டு முன்பக்கமும் தூக்கி சேஸிஸுக்கு ஸ்டாண்ட் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதன் முனை இணைப்பான லிங்கைக் கழற்றும்போது கையில் அடிக்கும். சக்கரத்தை எடுத்த பிறகு ஆர்ம் மேல் கிளிப் போட்டிருக்கும் ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் விடுவித்து, சக்கர ஹப் உட்கார்ந்திருக்கும் நக்கிளை மேலே ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அதன் பாரம் ஹோஸில் விழக்கூடாது. ஃபோர் வீல் டிரைவ் என்றால் நக்கிள் வெளியே சாய்ந்தால் ஆக்ஸில் ஜாயிண்ட் உருவிக்கொள்ளும், கட்டு இறுக்கமாகவே இருக்கட்டும்.

உள்பக்க போல்ட்டுகளில் கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்: பல வண்டிகளில் அவை சாதாரண போல்ட் இல்லை, கேம் போல்ட். தலையில் இருக்கும் வட்டத் தகட்டில் கோடுகள் இருக்கும், அதைத் திருப்பித்தான் சக்கரங்களின் கோணத்தை (அலைன்மென்ட்) சரிசெய்கிறார்கள். பெயிண்ட் பேனாவால் தகட்டிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரே கோடு போடுங்கள், போட்டோவும் எடுங்கள். கழற்றும்போது தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும்.

பால் ஜாயிண்டில் நட்டு தளராமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டை நாலைந்து இழை மட்டும் தளர்த்தி அப்படியே விடுங்கள், முழுக்க எடுத்தால் ஜாயிண்ட் விடுபடும் நொடியில் ஆர்ம் தடாலென்று விழும். இப்போது ஜாயிண்டின் இழை போட்ட தண்டான ஸ்டட் உட்கார்ந்திருக்கும் தடித்த காதின் பக்கவாட்டில், இரும்பு மேல் நேராக, சுத்தியால் நாலு போடு போடுங்கள். ஸ்டட் மேலே அடிக்காதீர்கள், இழை நசுங்கும். அஞ்சாவது அடியிலோ பத்தாவது அடியிலோ "டங்" என்று சத்தம் மாறும், அதுதான் விட்டுவிட்டது.

ஷாக்கின் அடி போல்ட், பிறகு உள்பக்க இரண்டு போல்ட். இங்கேதான் நேரம் போகும். போல்ட்டும் புஷ்ஷின் உள்குழலும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு அடித்தாலும் புஷ்தான் சுற்றும், போல்ட் வராது. அரைமணி நேரம் போராடிவிட்டு, வாள் பிளேடால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் போல்ட்டையே அறுத்துவிடுங்கள், புது கேம் போல்ட் செட் முன்பே வாங்கி வைத்திருந்தால் மனசு வலிக்காது. சில வண்டிகளில் முன்போல்ட் உருவ வழியில்லாமல் ஸ்டியரிங் ரேக்கில் இடிக்கும், ரேக்கின் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் நகர்த்தினால்தான் வரும்.

மாட்டுவது அதே வழி, திருப்பி. போல்ட்டின் வழவழப்பான தண்டில் மெல்லிசாகக் கிரீஸ் தடவலாம், இழையில் வேண்டாம், முறுக்கு அளவான டார்க் கணக்கு தப்பிவிடும். பால் ஜாயிண்ட் ஸ்டட்டின் கூம்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கட்டும். அந்த நட்டை மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முன்னே இறுக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது.

இப்போது அந்த 51.

ரப்பர் புஷ்ஷில் ரப்பர் வெளிக்கூட்டோடும் உள்குழலோடும் ஒட்டியே இருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் உள்குழல் பிராக்கெட்டில் கவ்விக்கொள்ளும், அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடுவது முழுக்க ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும், ஹம்ப்பில் மீதியும் சேர்ந்து பிய்ந்துவிடும். 3 வருடத்துக்கு முன்னால் வலது பக்கத்தை நான் இப்படித்தான் மாற்றினேன். 8 மாதத்தில் புஷ் கிழிந்தது, பார்ட்ஸ் கடையைத் திட்டிக்கொண்டே போனேன். அண்ணன் பழைய புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டி அந்தரத்துல தொங்கும்போதா இதை முறுக்குனே?" என்று கேட்டார். கடைக்காரரை மனசுக்குள் மன்னித்தேன்.

அதனால் உள்பக்க நட்டுகளையும் ஷாக் அடி போல்ட்டையும் கைமுறுக்காக மட்டும் விட்டு, பெயிண்ட் கோடுகளைச் சேர்த்து வையுங்கள். பிறகு சக்கரம் மாட்டி, தடித்த பலகைகள் மேல் வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு அளவைப் பாருங்கள். அந்தப் பழைய எண் வந்தபின் டார்க் ரெஞ்ச்சை எடுங்கள். உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பாருங்கள், 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டிய முறுக்குதான் பெரும்பாலும் இருக்கும், சின்ன ரேச்செட்டை வைத்து "போதும்" என்று முடிவு செய்யக்கூடியது இல்லை.

பெயிண்ட் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அலைன்மென்ட் போக வேண்டும், மெதுவாக ஓட்டிப் போங்கள், ஏஒய்இ மாதிரி எக்ஸ்பிரஸ்வே வேண்டாம். அங்கே கேம் நட்டை மறுபடி தளர்த்துவார்கள், வண்டி தரையில் நிற்கும்போதே டார்க் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் காற்றால் முறுக்கும் ஏர் கன்தான்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து வைத்தேன். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கும்போது குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. நேற்று முழு லோடு காய்கறியோடு சந்தை கார்பார்க்கிலேயே டார்ச் அடித்துப் பார்த்தேன், கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது, ஹம்ப்பில் இப்போது தக்காளிக் கூடை மட்டும்தான் சத்தம் போடுகிறது.