மிச்ச மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்

குறுவை நடவுக்கு எங்களோடு வயலுக்கு வந்த நாய், வரப்போரம் கிடந்த பாட்டில் துண்டில் காலைக் கிழித்துக்கொண்டது. இரண்டு நாளில் சீழ் கட்டிவிட்டது. அம்மாவின் பல்வலிக்கு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்ததால், பாதிப் பாதியாக ஒடித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம். புண் காய்ந்த மாதிரி தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். அடுத்த வாரமே மறுபடி வீங்கியது.

மன்னார்குடிப் பக்கம் நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். ஆனால் நாயின் தோல் புண்ணில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளில் பல, வெறும் அமாக்சிசிலினை உடைத்துப்போடும் நொதியைத் தாமே சுரப்பவை. அதனால் புண்ணுக்குப் பலன் கிடைப்பது சந்தேகம். அதே மாத்திரை குடலுக்குள் போய், அங்கே இருக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் நோஞ்சான்களைக் கொன்று, மருந்துக்கு அசராதவற்றை மட்டும் பெருகவிடும். அவை அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றும். அப்புறம் நாய் தன் உடம்பை நக்கும், நம் கையை நக்கும், அந்தக் கையோடு நாம் சோறு பிசைவோம்.

இதற்காக நாயைத் துரத்த வேண்டாம். கிருமி இரண்டு பக்கமும் போகும், எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை) போன்றவை பெரும்பாலும் மனிதரிடமிருந்துதான் செல்லப்பிராணிக்குத் தொற்றுகின்றன. வீட்டில் யாருக்காவது கட்டி திரும்பத் திரும்ப வந்தால், நாய் பூனை வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேற்றுப்புண்ணோடு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து நக்க விடுவதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, அதுவும் அப்படி நக்க விடுபவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால். ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கைக்குழந்தைகள் எல்லோருக்கும் இதே கவனம் வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்து குறைவு, சோப்புப் போட்டுக் கை கழுவினாலே பெரும்பகுதி சரி.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாங்கும் கோழிக்கழிவை நாய்க்கு அப்படியே பச்சையாகப் போடாதீர்கள். மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பச்சைக் கறியில் நிறையவே வரும். நன்றாக வேகவைத்தால் போதும்.

அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து, மாட்டுக்கும் நாய்க்கும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவதும் இதில் சேர்த்திதான். (பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.) மிச்ச மாத்திரையை வாய்க்காலில் வீசாதீர்கள், கீழே ஆடுமாடு குடிக்கிற தண்ணீர் அது.

புண் ஆறாமல் இழுத்தால் சீழை எடுத்துக் கல்ச்சர் டெஸ்ட் செய்ய முடியுமா என்று கால்நடை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அதில் தெரியும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எங்கள் நாய்க்கு அப்படிப் பார்த்துத்தான் மருந்தை மாற்றினார்கள். இந்தமுறை புண் காய்ந்த பிறகும், டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை கொடுத்தோம்.