புரோட்டோடைப் மஸ்டாங் அசலா? எண்ணிலிருந்து சரிபார்க்கும் முறை

"இது கம்பெனி சோதனைக்குச் செய்த வண்டி, உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்று யாராவது ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங்கைக் காட்டினால் எங்கிருந்து தொடங்குவது? பெயிண்டில் இருந்தோ எஞ்சினில் இருந்தோ அல்ல. இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். எண்ணில் இருந்து தொடங்க வேண்டும், அதுவும் சரியான எண்ணில் இருந்து.

ஃபோர்டு மஸ்டாங்குகளை வாங்கி மாற்றியமைத்த ஷெல்பி அமெரிக்கன் நிறுவனம் சோதனைக்காகச் செய்த 1967 மாடல் ஜிடி500 கூபே இதற்கு நல்ல உதாரணம். 'லிட்டில் ரெட்' என்பது அதன் செல்லப்பெயர். அதை எப்போதோ நசுக்கி அழித்துவிட்டார்கள் என்றே பல பத்தாண்டுகள் நம்பினார்கள். தேடியவர்கள் ஷெல்பி கொடுத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். பேரட்-ஜாக்சன் ஏல நிறுவனத்தின் கிரெய்க் ஜாக்சனுடைய குழு, அதை விட்டுவிட்டு ஃபோர்டு தொழிற்சாலை கொடுத்த எண்ணை வைத்துத் தேடியது. 2018-ல் டெக்சஸ் மாநிலத்தின் வடபகுதியில் வண்டி அகப்பட்டது.

படி 1: எந்த எண் யாருடையது?

1967 ஷெல்பிக்கு இரண்டு எண்கள் உண்டு. ஃபோர்டு சான் ஹோசே ஆலையில் மஸ்டாங்காகச் செய்து அனுப்பும்போது கொடுத்தது ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெல்பி ஆட்கள் மாற்றி அமைத்த பின் தகட்டில் அடித்து ரிவெட் செய்தது இன்னொன்று.

ஃபோர்டு எண் 7ஆர்01எஸ்100001 என்ற வடிவில் இருக்கும் (இது நான் எழுதிய மாதிரிதான்). 7 என்றால் 1967 மாடல். ஆர் என்றால் சான் ஹோசே ஆலை; டியர்பார்ன் என்றால் எஃப், மெட்டச்சன் என்றால் டி (T). 01 ஹார்ட்டாப் (கூபே என்பதும் இதுதான்), 02 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவது), 03 கன்வெர்டிபிள் (கூரையை மடக்கக்கூடியது). அடுத்த எழுத்து எஞ்சினுக்கு: எஸ் என்றால் 390 கன அங்குலம். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

இப்போதே ஒரு வடிகட்டல் செய்துவிடலாம். கூபே என்று சொல்லும் வண்டியில் 02 இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 1967 ஷெல்பி என்று சொல்லி எஃப் இருந்தாலும் அப்படித்தான்.

படி 2: எண்ணை வண்டியில் பாருங்கள்

பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள் ஃபென்டரின் (சக்கரத்துக்கு மேலே எஞ்சின் பக்கம் இருக்கும் தகரம்) மேல் விளிம்பில் எண் குத்தப்பட்டிருக்கும். வெளி ஃபென்டரைக் கழற்றினால் மறைவான இடத்திலும் எண் தெரியும். விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

எழுத்துகளின் ஆழம், இடைவெளி, சாய்வு எல்லாவற்றையும் பாருங்கள். சுற்றிலும் அரைத்த தடம், வெல்டிங் கோடு, தகரத்தின் கனத்தில் மாற்றம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண் உள்ள துண்டை வேறு வண்டியிலிருந்து வெட்டி ஒட்டும் வேலை நடப்பதுண்டு. அமெரிக்காவில் வண்டியின் இந்த அடையாள எண்ணை ('வின்' என்பார்கள்) திருத்துவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். தகட்டின் ரிவெட்டை "பின்னால் என்ன இருக்கிறது பார்ப்போம்" என்று நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். அந்த ரிவெட்டும் ஒரு சாட்சி.

படி 3: ஆலைப் பதிவு

1967 முதலான ஃபோர்டு உற்பத்திப் பதிவுகளை வைத்துக் காசுக்கு அறிக்கை தருவது மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ். 'மார்ட்டி ரிப்போர்ட்' என்றால் மஸ்டாங் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த நிறம், எந்த கியர்பாக்ஸ், எப்போது செய்தது என்பதெல்லாம் அதில் வரும்.

ஆனால் அந்த அறிக்கை எண்ணைப் பற்றியது. உங்கள் முன்னால் நிற்கும் தகரத்தைப் பற்றியது அல்ல. சான் ஹோசேவை விட்டுப் போன பிறகு ஷெல்பி பட்டறையில் என்ன செய்தார்கள் என்பதும் அதில் வராது. அதற்கு ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப்பின் பதிவேடு, கம்பெனிக் கடிதங்கள், மாநிலப் பதிவுத் தாள்கள் எல்லாம் வேண்டும். செய்த நாள் முதல் இன்று வரை யார் கையில் இருந்தது என்று சங்கிலியாக எழுதுங்கள். எந்த ஆண்டுகளில் சங்கிலி அறுகிறதோ அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

படி 4: வார்ப்பு எண்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இரும்பு பொய் சொல்வது கடினம். ஃபோர்டின் வார்ப்புப் பாகங்களில் தேதிக் குறி இருக்கும். 6கே15 என்று இருந்தால் 1966 அக்டோபர் 15. மாத எழுத்துகளில் ஐ கிடையாது. எச் ஆகஸ்ட், ஜே செப்டம்பர், கே அக்டோபர் என்று போகும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண் மட்டுமே, பத்தாண்டைச் சொல்லாது. பாக எண்ணின் முதல் எழுத்து அதைச் சொல்லும்: சி7 என்று தொடங்கினால் அந்த வடிவமைப்பு 1967 மாடலுக்கானது. பாகத்தின் தேதி வண்டி செய்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். நவம்பரில் செய்த வண்டியில் அடுத்த மார்ச் மாத எஞ்சின் பிளாக் இருந்தால் அது பிறகு வந்தது.

புரோட்டோடைப்பில் மட்டும் ஒரு சிக்கல். சோதனை வண்டி என்பதால் கம்பெனியே எஞ்சினை மாற்றி மாற்றிப் பொருத்தியிருக்கும். லிட்டில் ரெட்டில் பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வைத்தும் ஓட்டிப் பார்த்தார்கள். அதனால் தேதி பொருந்தவில்லை என்பதற்காக வண்டியே போலி என்று முடிவுகட்டாதீர்கள். அந்த மாற்றத்துக்குத் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 5: தொடும் முன் படம்

வண்டியைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், பெயிண்டை உரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஓட்டையையும் படமெடுங்கள். தேவையில்லாத இடத்தில் இருக்கும் ஓட்டை, கையால் வெட்டிய தாங்கி, அவசரத்தில் அடித்த வெல்டிங் இவைதான் சோதனை வண்டியின் அடையாளம். நல்ல பட்டறைக்காரர் பழக்கதோஷத்தில் அவற்றை அடைத்து வழவழப்பாக்கிவிடுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் பெயிண்டை வட்டமாகத் தேய்த்தால் அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். அடியில் இருப்பது ஆலைப் பதிவில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். கழற்றிய பழைய பாகம் துருப்பிடித்திருந்தாலும் சீட்டு ஒட்டி வையுங்கள்.

படி 6: எந்த நாளைய வண்டி?

சாதாரண ஜிடி500 என்றால் ஒப்பிட வேறு வண்டி கிடைக்கும். இதற்குக் கிடைக்காது. பழைய படங்கள்தான் வழி. லிட்டில் ரெட்டுக்காக ஜாக்சன் பொதுமக்களிடமே பழைய படங்களையும் தகவல்களையும் கேட்டார். படங்களில் வெவ்வேறு தோற்றம் இருந்தால், ஏதாவது ஒரு காலகட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதன்படியே புதுப்பியுங்கள். எல்லாவற்றையும் கலந்தால் எந்த நாளிலும் இல்லாத ஒரு வண்டிதான் வரும்.

புதிதாகச் செய்த பாகம் எது, அசல் எது, அதே ஆண்டின் வேறு வண்டியிலிருந்து வந்தது எது என்று பட்டியல் போட்டு, பட்டறையின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் அசல் இல்லை என்றால் வந்த எஞ்சினின் சொந்த எண்ணையே எழுதுங்கள். அதன் மேல் வேறு எண் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.