பிரெய்டு நூல் ஏன் அறுகிறது, முள் ஏன் கழன்று வருகிறது: பாஸ் தூண்டில் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி

நூல் அறுந்தால் பெரும்பாலானவர்கள் அந்த முனையைக் கத்தரித்து வீசிவிட்டு அடுத்த முள்ளைக் கட்டத் தொடங்குவார்கள். அந்த முனையை வீசாதீர்கள். எதனால் அறுந்தது என்பதற்கான அடையாளம் அதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நூலை மாற்றி, ரீலை (நூல் சுற்றும் கருவி) மாற்றி, ராடையும் (தூண்டில் கோல்) மாற்றினாலும் அதே கோளாறு மறுபடி வரும்.

முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பிரெய்டின் (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) முனை முழுசாக, பிசிறில்லாமல், ஆனால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நெளிநெளியாக இருந்தால் நூல் அறுபடவே இல்லை. முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. ஃப்ளூரோகார்பன் லீடரின் (பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் ஒற்றை இழை நரம்பு) முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தாலும் இதே காரணம்தான்.

கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தால் ஏதோ ஒரு கூரிய விளிம்பு வெட்டியிருக்கிறது. பாஸ் மீனுக்கு நூலை வெட்டும் பல் கிடையாது. அதன் வாயில் இருப்பது உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான நுண்பற்கள். எனவே சந்தேகத்தை மீன்மேல் போடாமல் சிப்பி ஓடு, பாறை விளிம்பு, ஸ்பிளிட் ரிங்கின் (சாவிக்கொத்து வளையம் போன்ற இரட்டைக் கம்பி வளையம்) கம்பி முனை, முள்ளின் காது (நூல் கட்டும் வளையம்) ஆகியவற்றில் தேடுங்கள்.

பத்து இருபது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பஞ்சுபோலப் பிசிறடித்திருந்தால் அது பாறையிலோ மூழ்கிய மரத்திலோ உராய்ந்தது. பிசிறு முனையில் மட்டும் நிற்காமல் மீட்டர் கணக்கில் தொடர்ந்தால் காரணம் தண்ணீருக்கு அடியில் இல்லை. உங்கள் ராடின் வளையத்திலோ ரீலின் லைன் ரோலரிலோ (நூல் திரும்பி ஏறும் சிறு உருளை) இருக்கிறது.

முனை குட்டையாகவும் கெட்டியாகவும், தொட்டால் மணிபோல உறுத்துவதாகவும் இருந்தால் சூடு பட்டிருக்கிறது. பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளால் பின்னப்பட்டது. 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். உலர்ந்த முடிச்சை வேகமாக இறுக்கும்போது ஏற்படும் உராய்வே இழைகளைப் பாழாக்கப் போதும். எச்சிலோ தண்ணீரோ தொட்டு, மெதுவாக இறுக்குங்கள்.

முடிச்சு வழுக்கினால்

பிரெய்டு, மோனோ நரம்பைவிட (ஒற்றை இழை நைலான்) ஒப்பிட்டால், பல மடங்கு வழவழப்பானது. நரம்புக்குக் காலங்காலமாகப் போட்டுவந்த கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் நழுவும். முள்ளை நேரடியாகப் பிரெய்டில் கட்டுவதென்றால் பாலோமர் போடுங்கள்: நூலை 15 சென்டிமீட்டர் மடித்து, மடிப்பைக் காதுக்குள் விட்டு, சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் முள்ளை நுழைத்து, நனைத்து இறுக்குங்கள். மெல்லிய பிரெய்டாக இருந்தால் மடிப்பைக் காதுக்குள் இரண்டு முறை விடலாம். இறுக்கும்போது இரட்டை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறக்கூடாது. பாலோமர் பலவீனமாகிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வால்முனையை ஒட்ட வெட்டாமல் 4 மில்லிமீட்டராவது விடுங்கள்.

லீடரை இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும் என்றால் பிரெய்டு பக்கம் 8 சுற்று, ஃப்ளூரோகார்பன் பக்கம் 5 சுற்று. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றினால் பிரெய்டு பக்கம்தான் முதலில் நழுவும். நீளமான லீடர் வளையங்களின் வழியே போய்வர வேண்டும் என்றால் எஃப்ஜி முடிச்சு சிறந்தது. இருபது சுற்றாவது போட்டு, இரு முனைகளையும் இழுத்து இறுக்குங்கள். முடிச்சு சரியாகப் பிடித்ததற்கு அடையாளம் நிறம்: பிரெய்டு லீடருக்குள் அழுந்தியதும் சுற்றுகள் சற்றுக் கருத்துத் தெரியும். இன்னும் வெளிறிய நிறத்திலேயே இருந்தால் அது பிடிக்கவில்லை. பூட்டு முடிச்சுகளைப் போட்டு மூடிவிடாமல் மீண்டும் நனைத்து இழுங்கள்.

முள்ளின் காதில் ஓர் இடைவெளி

பலரும் கவனிக்காத இடம் இது. தூண்டில் முள்ளின் காது என்பது கம்பியை வளைத்துச் செய்த வளையம். வளைத்த முனை தண்டைத் தொடும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். தடித்த நரம்பு அதற்குள் போகாது. மெல்லிய பிரெய்டு போகும். கட்டும்போது சரியாகத்தான் இருக்கும். பத்து இருபது வீச்சுக்குப் பிறகு முடிச்சு காதைச் சுற்றி நகர்ந்து அந்த இடைவெளிக்கு வந்துவிடும். மீன் இழுக்கும்போது நூல் அதற்குள் நெருக்கி நுழைந்து முழுசாகக் கழன்றுவிடும். அல்லது கம்பியின் வெட்டு விளிம்பில் பட்டு நேர்வெட்டாக அறுந்துவிடும்.

புது முள்ளை எடுத்ததும், ஒரு துண்டு பிரெய்டைக் காதுக்குள் விட்டு இரு கையாலும் இழுத்தபடி காதைச் சுற்றி நகர்த்துங்கள். எங்காவது சிக்கினாலோ நழுவினாலோ அந்த முள்ளைப் பிரெய்டில் நேரடியாகக் கட்டாதீர்கள். மூன்று வழிகள் உண்டு: காது பற்றவைத்து மூடப்பட்ட முட்களை வாங்குவது, இடைவெளியில் ஒரு துளி சூப்பர் குளூ விட்டு உலரவிடுவது, அல்லது தண்டின்மேல் நூலைச் சுற்றும் ஸ்னெல் முடிச்சைப் போடுவது. அடர்ந்த களைக்குள் மீன் பிடிப்பவர்களுக்கு மூன்றாவதே சிறந்தது. நேர்த்தண்டு முள்ளில் ஸ்னெல் போடும்போது, நூல் காதிலிருந்து முள்முனை இருக்கும் பக்கமாக வெளியே வர வேண்டும். அப்போதுதான் இழுத்ததும் முள் சாய்ந்து, முனை மீனின் வாய்க்குள் திரும்பும். மறுபக்கமாக வந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

ஸ்பிளிட் ரிங்கில் பிரெய்டை நேரடியாகக் கட்டினாலும் இதே தொல்லைதான். முடிச்சு ரிங்கின் இரட்டைக் கம்பிகளுக்கு இடையே புகுந்துவிடும். நடுவில் ஒரு ஸ்னாப் (திறந்து மூடும் கம்பிக் கொக்கி) போடுங்கள்.

ட்ராக் பழுதா, நூல் சுழல்கிறதா?

மீன் இழுக்கிறது, நூல் போகிறது, ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு எளிதாக வெளியேறலாம் என்று கட்டுப்படுத்தும் ரீலின் பாகம்) எவ்வளவு திருகினாலும் இறுகவில்லை. ரீல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை. ட்ராக்கை முழுக்க இறுக்கி, ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) நகராதபடி விளிம்பை விரலால் பிடித்துக்கொண்டு நூலை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் நூல் மட்டும் வந்தால், மொத்த நூல்கட்டும் ஸ்பூலின்மேல் வளையல்போலச் சுழல்கிறது. வழவழப்பான பிரெய்டு உலோகத்தில் பிடிக்காது என்பதே காரணம். நூலை முழுக்கக் கழற்றி, முதலில் 5 முதல் 10 மீட்டர் மோனோ நரம்பைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை யூனி முடிச்சால் இணைத்துச் சுற்றுங்கள்.

சுற்றும்போது நூலை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து, நல்ல இழுவையோடு சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரெய்டில் மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும். பெரிய மீனை இழுத்த அடுத்த வீச்சில் நூல் திடீரென்று நின்று லூர் (செயற்கை இரை) மட்டும் தனியாகப் பறந்துபோவது இதனால்தான். பெயிட்காஸ்டரில் (வீசும்போது ஸ்பூலே சுழலும் வகை ரீல்) இது அதிகம். நூல் மெல்லியதாக இருக்க இருக்க இந்தப் புதைவும் கூடும். பொதுவாகச் சந்தையில் கிடைக்கும் பிரெய்டில் 30 பவுண்டு நூல் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர் தடிமன், அதாவது 8 பவுண்டு மோனோ அளவு. 50 பவுண்டு நூல் 12 பவுண்டு மோனோ அளவு. மீனின் எடைக்கு 15 பவுண்டே போதும்தான். ஆனாலும் பெயிட்காஸ்டரில் 30 பவுண்டுக்குக் கீழே போக வேண்டாம் என்று சொல்வது இந்தத் தடிமனுக்காக.

காற்று முடிச்சு

ஸ்பின்னிங் ரீலில் (வீசும்போது ஸ்பூல் சுழலாத வகை) வீசும்போது கொத்தாகக் கிளம்பிவரும் சிக்கலைக் காற்று முடிச்சு என்கிறார்கள். காற்றைவிட ஸ்பூலில் கிடக்கும் தளர்ந்த சுற்றே அதற்கு முதல் காரணம். லூர் தண்ணீரில் விழுந்ததும் கைப்பிடியைத் திருப்பிப் பெயிலை (நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் கம்பி வளைவு) மூடினால் முதல் சுற்று தளர்வாக விழும். பெயிலைக் கையால் மூடுங்கள், நூலை விரலால் ஒருமுறை இழுத்து விறைப்பாக்குங்கள், பிறகு சுற்றுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிச் சிக்கலை ஒழித்துவிடும். மீதிக்கு ஸ்பூலின் நிறைவைப் பாருங்கள்: நூல் விளிம்புவரை நிறைந்திருக்கக்கூடாது, 2 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும்.

சிக்கல் விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள். பிரெய்டின் சிக்கல் இறுகாதவரை அவிழும். ஒரு மெல்லிய முள்ளின் முனையால் நடுவிலிருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக வெளியே தளர்த்திவிடுங்கள்; நூலிழைகளுக்கு நடுவே முனை குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால் அந்த இடத்தில் வலு போயிற்று. வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ராடின் நுனியையும் வீசும் முன் ஒரு பார்வை பாருங்கள். பிரெய்டு துவண்ட நூல் என்பதால் நுனி வளையத்தைச் சுற்றிக்கொள்ளும். அதை அறியாமல் வீசினால் நூல் அறும், சில சமயம் ராடின் நுனியே உடையும்.

எல்லா இடத்திலும் பிசிறு

ஒரு பஞ்சுருண்டையை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் முழுச் சுற்றாகத் தேயுங்கள். வெடிப்போ பள்ளமோ இருந்தால் பஞ்சு இழை அங்கே மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாத வெடிப்பையும் பஞ்சு கண்டுபிடிக்கும். அந்த வளையத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. தேய்த்துச் சரிசெய்ய முயன்றால் பீங்கான் மேலும் உதிரும். லைன் ரோலர் நூலோடு சேர்ந்து உருளுகிறதா என்றும் பாருங்கள். உருளாவிட்டால் கழற்றித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நின்றுபோன ரோலரில் ஓடும் நூல் பிசிறடிப்பதோடு முறுக்கும் ஏறும்.

லேசான பிசிறு பழைய பிரெய்டில் இயல்பு. நிறம் வெளுத்துப்போவதும் வலு குறைந்ததற்கு அடையாளம் அல்ல. நகத்தை நூலின்மேல் ஓட்டும்போது ஒரே இடத்தில் மெலிந்தோ தட்டையாகவோ தட்டுப்பட்டால் மட்டும் அந்த இடம்வரை வெட்டிவிடுங்கள். மேல்பகுதி தேய்ந்துவிட்டால் நூலைத் தலைகீழாக மாற்றிச் சுற்றலாம். அடியில் இருந்த பகுதி வெயிலே படாமல் புதிதாக இருக்கும்.

நூல் நிற்கிறது, மீன் நிற்கவில்லை

மீன் கடிக்கிறது, பாரம் தெரிகிறது, பாதி வழியில் கழன்றுபோகிறது என்றால் முள்ளைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தின்மேல் முனையைச் சாய்த்து, அழுத்தாமல் முள்ளின் சொந்த எடையிலேயே இழுங்கள். கூர்மையான முனை உடனே நகத்தில் பிடித்து நிற்கும்; மழுங்கியது வழுக்கிக்கொண்டே போகும். தடித்த ஒற்றை முள்ளை நுண்ணரத்தால் ஒரே திசையில் மூன்று நான்கு இழுப்பு தீட்டலாம். தீட்டிய இடத்தில் முலாம் போய்விடுவதால் சீக்கிரம் துருப்பிடிக்கும். ட்ரெபிள் (மூன்று முனை) முட்களைத் தீட்டுவதில் நேரத்தைச் செலவழிக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

முள் விரிந்து திரும்பி வந்தால் அதை மறுபடி வளைத்துப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை விரிந்த கம்பி அடுத்த முறை இன்னும் குறைந்த பாரத்திலேயே விரியும், அல்லது ஒடியும். மோனோ நரம்பு தானே நீண்டுகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிரெய்டு ஏறத்தாழ நீளவே நீளாது. நூல் அறாதபோது அந்தப் பாரம் முழுவதும் முள்ளுக்கும் மீனின் வாய்க்கும் போகிறது. எனவே பிரெய்டில் ட்ராக்கை நூலின் வலுவுக்கு ஏற்ப வைக்காமல் முள்ளின் கம்பிக்கு ஏற்ப வையுங்கள். முள்ளை ஒரு தராசில் மாட்டி, ராடை வளைத்து இழுத்துப் பாருங்கள். மெல்லிய கம்பி ட்ரெபிள் என்றால் ஒன்றரை முதல் 2 கிலோவில் ட்ராக் விடத் தொடங்கட்டும்.

முள் நன்றாக இருந்தும் மீனின் உதட்டோரச் சவ்வு கிழிந்து கழன்றால், இழுத்த வேகம் அதிகம். நரம்புக்குப் பழகிய கை பிரெய்டிலும் அதே வேகத்தில் வெட்டி இழுக்கும். ட்ரெபிள் கொண்ட லூருக்கு வளைந்து கொடுக்கும் மென்மையான ராடை எடுங்கள்; வெட்டி இழுக்காமல் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாரம் ஏற்றினால் போதும். மேல்மட்ட லூரில் தண்ணீர் தெறித்ததைக் கண்டதும் இழுக்காதீர்கள். பாரம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

ரப்பர் புழுவில் கடி விழுந்தும் முள் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் முள்ளின் வாய் குறுகலாக இருக்கும். முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி, ரப்பர் உடலின் தடிமனைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மடங்கிய ரப்பர் அந்த வாயை அடைத்துவிடும். 3/0 அளவு முள்ளில் இது நடந்தால் அதைவிடப் பெரிய 4/0 அல்லது 5/0 போட்டுப் பாருங்கள்.

அடியில் சிக்கிக்கொண்டால்

பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. விரலைத் தசைவரை அறுத்துவிடும். ராடை வளைத்தும் இழுக்காதீர்கள், ராடு உடையும். ஒரு கட்டையில் நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேர்கோட்டில் நிதானமாகப் பின்னால் நடங்கள். லூர் விடுபட்டு வந்தால் கடைசி ஒரு மீட்டர் நூலை வெட்டிவிடுங்கள். ஸ்பூலில் நூல் புதைந்திருக்கும். ஒரு நீண்ட வீச்சளவுக்கு நூலைக் கழற்றி, ஈரத்துணியால் பிடித்து மறுபடி இறுக்கமாகச் சுற்றுங்கள். முள் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, நகத்தில் முனையைச் சோதித்து, புது முடிச்சு போட்ட பிறகே அடுத்த வீச்சு.