தமிழ் பி.எட். படிக்கிறவங்க டெக்னாலஜில பண்ற தப்புங்க

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் டீச்சிங் பிராக்டிஸ் போற தமிழ் மெத்தட் ஆளுங்க பண்ற முதல் தப்பு, ஆப்பை முடிவு பண்ணிட்டு அப்புறமா பாடத்தை தேடுறது. ஸ்லைடுல பாட்டை ஒட்டி அதையே திரும்பி நின்னு வாசிக்கிறதுக்கு ஸ்மார்ட் போர்டு எதுக்கு, சாக்பீஸே போதும்.

பாட்டுக்குள்ள கேள்வி எங்க இருக்குன்னு பாருங்க. சங்கப்பாட்டான பட்டினப்பாலை ஆரம்பத்துலயே, வெள்ளிமீன் திசை மாறி தெக்கே போனாலும், மழை பொய்ச்சாலும், மலைல பொறந்த காவிரி பொய்க்காதுன்னு வருது. டெல்டா பையன் சும்மா இருப்பானா, அப்ப எங்க வயல்ல குறுவை நெல்லு ஏன் போச்சுன்னு கேப்பான், கேக்கணும். 2024-ல வழக்கமான ஜூன் 12-க்கு மேட்டூர் அணையை திறக்க முடியாம ஜூலை கடைசிலதான திறந்தாங்க. நீர்மட்டம்தான் பேப்பர்லயே வருதே, பத்து வருஷத்து ஜூன் 12 கணக்கை எக்செல்ல போட்டு கிராஃப் போட சொல்லுங்க, அணை நிரம்புற 120 அடியை எப்பெல்லாம் நெருங்குச்சுன்னு அவனே பாக்கட்டும். வெள்ளி நகர்றதை காட்ட ஸ்டெல்லேரியம்னு வானத்தை காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், இன்ஸ்டால் பண்ணிட்டா நெட் இல்லாமலும் ஓடும்.

இங்கதான் அடுத்த தப்பு. புவியியல் சாரை கேக்காமலே நாமளே அதையும் நடத்திடறது. நம்மூர் மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு பருவத்துல வருது, ஆத்துத் தண்ணி குடகுல பெய்யிற தென்மேற்கு மழை, அதனால இங்க வானம் காஞ்சாலும் ஆறு ஓடும்னு அவர் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாரு, புலவர் மலையை ஏன் இழுத்தாருன்னு அப்பதான் புரியும். லெசன் பிளான் எழுதுறதுக்கு முன்னாடியே அவரோட உக்காருங்க. அதுக்காக கிராஃபோடயே பெல் அடிச்சிடக் கூடாது, திரும்ப பாட்டுக்கு வந்து இது மிகையா, நடப்பா, பாராட்டான்னு பசங்கள பேச விடணும், நம்ம சப்ஜெக்ட் அதுதான்.

சின்னதா ஒண்ணு, வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி எடுத்துட்டு போனா ஸ்கூல் லேப்ல எல்லாம் கோழி கிண்டுன மாதிரிதான் தெரியும், யூனிகோடுல அடிங்க, தமிழ்99 கீபோர்டு பழகிக்கோங்க.

ஏஐ-கிட்ட சங்கப்பாட்டு வரி கேக்குறதுதான் இப்ப பெரிய வம்பு. இல்லாத வரியை அச்சு அசலா சங்கத்தமிழ் மாதிரியே கட்டி குடுக்கும், பட்டினப்பாலை மொத்தமே 301 அடிதான், பழைய தமிழ் நூல்களை நெட்ல வச்சிருக்கிற மதுரைத் திட்டத்துல தேடிப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது, அதுலயும் எழுத்துப்பிழை இருக்கலாம்ங்கறதால உ.வே.சா. பதிப்போட ஒத்துப் பாத்துட்டு போர்டுல போடுங்க.