வீட்டில் தூண்டில் ஈயம் வார்த்து வண்ணம் பூசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. பித்தளைக்கும் இரும்புக்கும் வேண்டிய உலை இதற்குத் தேவையில்லை. சமையல் கேஸ் அடுப்பே போதும். அதனால்தான் வலைக்கு ஈயமணி வார்க்கும் மீனவக் குடும்பங்கள் முதல், கழிமுகங்களில் கொடுவா மீனுக்குத் தூண்டில் வீசும் பொழுதுபோக்குக்காரர்கள் வரை பலர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஈயத் தலையான ஜிக்ஹெட்டுக்குப் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) கொடுத்துக் கடைச் சரக்கைப் போலப் பளபளப்பாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கைக்கும் மனத்துக்கும் நிறைவு தரும் வேலை இது. யாரையும் வேண்டாம் என்று தடுக்க நான் எழுதவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களின் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. உருகிய உலோகம் தெறித்துவிடுமோ என்று கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்பவர், வேலை முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டு, தரையில் கிடக்கும் சாம்பல் நிறத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டி வெறுங்கையால் அள்ளுகிறார். தீக்காயம் சில வாரங்களில் ஆறும். எலும்பில் போய்த் தங்கிய காரீயம் வெளியேறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

முதல் தவறு அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் பேட்டரியை வாங்கி உடைத்து, உள்ளிருக்கும் தட்டுகளைச் சட்டியில் போடுகிறார்கள். இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. தட்டுகளில் இருப்பது வெறும் உலோகமல்ல. கந்தக அமிலத்தில் ஊறிய காரீய சல்பேட்டும் ஆக்சைடும் அதில் இருக்கின்றன. உருக்கும்போது நச்சுத் தூசியும் புகையும்தான் மிஞ்சும். தட்டுகளின் உலோகத்தில் கலந்திருக்கும் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும், கசடில் ஈரமோ அமிலமோ பட்டால் ஸ்டிபீன், ஆர்சீன் என்ற கொடிய வாயுக்களாக மாறக்கூடும். செனகல் நாட்டில் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மெர் பகுதியில், பேட்டரிக் காரீயம் கலந்த மண்ணை மக்கள் வீட்டுக்கு அள்ளிவந்து சலித்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். பழைய பேட்டரி போக வேண்டிய இடம், பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனம் மட்டுமே.

பழைய காரீயத் தண்ணீர்க் குழாய், கிழிந்த வலையிலிருந்து கழற்றிய மணி, டயர் கடையில் சக்கரச் சமநிலைக்காகப் பொருத்தும் எடைத் துண்டு ஆகியவை ஏற்ற சரக்கு. எடைத் துண்டுகளில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் இப்போது அவற்றில் பல துத்தநாகத்திலோ இரும்பிலோ செய்யப்பட்டவை. கட்டிங் பிளேயரால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். காரீயம் பள்ளம் விழுந்து கொடுக்கும், துத்தநாகம் கொடுக்காது. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், காரீயத்தை விட எடையும் குறைவு. ஆகவே சட்டியின் சூட்டை 400 டிகிரியைத் தாண்டவிடாமல் வைத்திருந்தால், தப்பிவந்த துண்டு உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் அது கரைந்து, சட்டி முழுவதும் கஞ்சியாகத் திரண்டுவிடும். அதன் பிறகு அச்சின் நுண்ணிய இடுக்குகளில் அது இறங்காது.

அடுத்தது ஈரம். இந்த வேலையில் நொடிப்பொழுதில் ஆளை முடமாக்கக்கூடியது இதுதான். உருகிய காரீயத்தின் மேல் விழும் நீர்த்துளி பெரும்பாலும் மேலேயே துள்ளி ஆவியாகிவிடும். அதைப் பார்த்தவர்கள், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதே துளி உலோகத்துக்கு அடியில் அகப்பட்டால் கதை வேறு. நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. வெளியேற வழியில்லாத அந்த ஆவி, மேலிருக்கும் உலோகம் அத்தனையையும் முகத்தை நோக்கி வாரி இறைத்துவிடும். கடலில் கிடந்த பழைய ஈயமணியின் துளைக்குள் உப்புநீர் தங்கியிருக்கும். குழாயின் மடிப்புக்குள் ஈரம் இருக்கும். கடற்கரை ஊர்களின் காற்றில் திறந்து கிடந்த பாளத்தின் மேலேகூட ஈரம் படியும். இவற்றை உருகிய குழம்பில் போடுவதுதான் விபத்துக்கு நேர்வழி. சரக்கு முழுவதையும் ஆறிய சட்டியில் போட்டு, அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் உலோகம் உருகும் முன்பே ஈரம் போய்விடும். நடுவில் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், துண்டைச் சட்டியின் விளிம்பில் நெடுநேரம் சுடவைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும். மூடிய குழாயையும், உள்ளே வெற்றிடமுள்ள பழைய ஈயக் குண்டையும் வெட்டித் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கரண்டியும் அச்சும் இதே வகையில் ஏமாற்றும். செலவைக் குறைக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சொந்தமாக அச்சு செய்பவர்கள், இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும் என்று நம்புகிறார்கள். தொட்டால் காய்ந்திருப்பதுபோலத் தோன்றும் பிளாஸ்டருக்குள் வேதிப் பிணைப்பாகவே நீர் இருக்கிறது. உருகிய உலோகத்தின் சூடு பட்டதும் அது ஆவியாக வெளிவரும். சிமென்டு அச்சும் அப்படித்தான். தொடக்கநிலையில் அலுமினிய அச்சு ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. வேலை நடக்கும் இடத்துக்கு மேலே கூரை வேண்டும். அது ஒழுகும் தகரக் கூரையாக இருக்கக் கூடாது. மழை மேகம் திரண்ட நாளில் மொட்டை மாடியில் சட்டியை ஏற்றாதீர்கள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பும் தேநீர்க் கோப்பையும் வேண்டவே வேண்டாம்.

சட்டி வார்ப்பிரும்பாகவோ கனமான எஃகாகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும், பழைய மெல்லிய சட்டியின் அடி சூட்டில் தளர்ந்து, பத்துக் கிலோ உருகிய உலோகத்தின் பாரத்தில் கிழிந்துவிடலாம். காரீயத்துக்கு எடுத்த சட்டியும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் நுழையக் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்திச் சட்டை, நீளமான கால்சட்டை, தோல் காலணி, தோல் கையுறை, முகத்தை முழுவதும் மறைக்கும் தடுப்பு ஆகியவை தேவை. செருப்போடும் லுங்கியோடும் இந்த வேலைக்கு உட்காருவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. கட்டாயம் மாற வேண்டிய பழக்கம் அது.

வார்ப்பில் வரும் குறைகளுக்கு வருவோம். ஜிக்ஹெட்டின் மேற்பரப்பு சுருக்கம் சுருக்கமாக வருகிறது, முள்ளைச் சுற்றி உலோகம் நிரம்பவில்லை என்றால், புதியவர்கள் உடனே அடுப்பின் சூட்டைக் கூட்டுகிறார்கள். குளிர்ந்திருப்பது பெரும்பாலும் அச்சுதான், உலோகம் அல்ல. சூட்டை ஏற்ற ஏற்றக் காரீயம் வேகமாக ஆக்சைடாகிக் கசடு பெருகும். 500 டிகிரியை நெருங்கும்போது நச்சுப் புகையும் கணிசமாக எழத் தொடங்கும். 370 முதல் 400 டிகிரிக்குள் உலோகத்தை வைத்துக்கொண்டு, அச்சைச் சட்டியின் மேல் சாய்த்துச் சூடேற்றி, முதல் சில வார்ப்புகளை மறுபடி உருக்கவே ஒதுக்கிவிடுங்கள். அச்சுச் சூடேறியதும் வார்ப்பு தானாகவே வழுவழுப்பாக வரும். மங்கலாக, பனி படிந்ததுபோல வந்தால் அச்சு அதிகமாகச் சூடாகிவிட்டது. சற்று ஆறவிட வேண்டும். மெழுகுவர்த்திப் புகைக்கரியை அச்சுக்குள் மெல்லியதாகப் படியவிடுவது பழைய உத்தி, நன்றாகவே உதவும். ஊற்றும்போது நிறுத்தி நிறுத்தி ஊற்றாமல், ஒரே சீராக ஊற்றி முடிக்க வேண்டும்.

சிறு துண்டு தேன்மெழுகைப் போட்டுக் கிளறினால் அழுக்கு மேலே திரளும், புகையும் தீயும் எழும். சட்டிக்கு மேலே குனிந்து நின்று கிளறாதீர்கள். வழித்தெடுத்த கசடுதான் இந்த வேலையின் மிக நச்சான பொருள். அதை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வெளியே எழுதி ஒட்டி வைக்க வேண்டும். வாழை மரத்தடியில் கொட்டினால் அந்த மண்ணில் அது தலைமுறைகளுக்கும் கிடக்கும்.

பவுடர் கோட்டிங்கில் எல்லோரும் செய்யும் தவறு, பொடியை அள்ளிப் பூசுவது. ஜிக்ஹெட்டைச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னில் சில விநாடிகள் சூடாக்கி, பொடியில் ஓரிரு விநாடி மட்டும் முக்கி எடுத்தால் போதும். சூடு போதாவிட்டால் பொடி ஒட்டாது. கூடிவிட்டால் பொடி தொட்டவுடனே வழிந்து, கீழே கண்ணீர்த்துளிபோலத் தொங்கும், நூல் கோக்கும் கண்ணும் அடைபடும். அடைபட்ட கண்ணை, பூச்சை இறுகவைக்க மின்சார அடுப்பில் வைக்கும் முன்பே ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும்; சுட்டு இறுகிய பிறகு குத்தினால் பூச்சே பிய்ந்து வரும். விரல் எண்ணெய் பட்ட இடத்திலும் பூச்சு நிற்காது.

முக்கி எடுத்ததும் பளபளக்கிறது, வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுபவர்கள் முதல் பாறையில் மோதியதுமே வண்ணத்தை இழப்பார்கள். பொடி உருகியிருக்கிறதே தவிர இறுகவில்லை. பொதுவான பாலியஸ்டர் பொடிகள் சுமார் 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வேக வேண்டும். பொடியின் உறையில் அச்சிட்டிருக்கும் அளவே இறுதியானது. அந்த நேரத்தையும் உலோகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகே கணக்கிட வேண்டும். சிறிய மின்சார அடுப்புகளின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காரீயத்துக்கு மாற்றாகப் பிஸ்மத், வெள்ளீயக் கலவையில் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கலவை 138 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். பழைய சால்டர் கம்பியை நிறையக் கலந்த காரீயமும் 183 டிகிரியில் இளகத் தொடங்கும். இவற்றைப் பவுடர் கோட்டிங் அடுப்பில் வைத்தால் வெறும் முள்தான் மிஞ்சும். அவற்றுக்குச் சாதாரண வண்ணப்பூச்சே ஏற்றது.

பொடி காற்றில் மிதக்கும்போது எளிதில் தீப்பற்றும். எரியும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் பொடியைக் குலுக்குவதோ, காற்றடித்துக் கிளப்புவதோ கூடாது. வார்ப்பும் பூச்சும் வெவ்வேறு வேளைகளில் நடக்கட்டும். அந்த மின்சார அடுப்பில் அதற்குப் பிறகு கேக்கோ ரொட்டியோ சுடக் கூடாது. வண்ணம் பூசிவிட்டதால் காரீயம் அடங்கிவிட்டது என்ற எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. பூச்சு பாறையில் உரசிப் பெயரும், பிள்ளையின் பல் பட்டாலும் பெயரும். மிட்டாய் நிறத்தில் மின்னும் ஜிக்ஹெட் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் கிடப்பது, பூசாததை விட ஆபத்தானது. தூண்டில் நரம்பில் ஈயக் குண்டைப் பல்லால் கடித்து அமுக்கும் பழக்கம் நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது; பிளேயர் பயன்படுத்துங்கள். நீரில் அறுந்து விழுந்த குண்டுகளைப் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கிச் சாகின்றன. அன்னப் பறவைகள் அப்படி இறந்ததால்தான் பிரிட்டனில் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயங்களுக்கு 1987-இல் விற்பனைத் தடை வந்தது.

இனித் தூசி. வளர்ந்தவர் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். சிறு குழந்தைக்கு அது பாதிவரை போகும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. அதன் மூளை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் எலும்பில் சேர்ந்திருக்கும் பழைய காரீயம்கூடக் கருவுக்குப் போய்ச் சேரும். ஆகவே சமையலறை, படுக்கையறை, குழந்தைகள் விளையாடும் முற்றம் மூன்றும் இந்த வேலைக்கு விலக்கு. காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகை வேண்டும். முடிந்ததும் கூட்டக் கூடாது, ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கசடு டப்பாவிலேயே போட வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். உடுத்தியிருந்த துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. தூசிக்குரிய வடிகட்டி பொருத்திய முகமூடிதான் பயன்படும்.

வாழைப்பழமோ வெல்லமோ சாப்பிட்டால் தூசி வயிற்றோடு போய்விடும் என்று வேலை செய்பவர்கள் நம்புகிறார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் நிறைந்த உணவு, காரீயம் உடலில் சேர்வதைச் சற்றுக் குறைக்கும். ஏற்கெனவே சேர்ந்ததை எந்தச் சாப்பாடும் வெளியேற்றாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், அசதி, எரிச்சல் என்று அறிகுறிகள் தெரியவரும்போது அளவு ஏற்கெனவே கூடியிருக்கும். பிள்ளைகளிடம் அறிகுறியே தெரியாமலும் போகலாம். அடிக்கடி வார்ப்பவர்கள் தங்களுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரத்தத்தில் காரீய அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் தோலில் ஒட்டியிருக்கும் காரீயமும் கலந்து அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், முழங்கை மடிப்பில் ரத்தக்குழாயிலிருந்து எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.