தொழிலாளர் படைக்கு வெளியே எத்தனை பேர்? தொடக்கநிலையினருக்கான கணக்கு

வேலை தேடி அலைந்தும் கிடைக்காதவரையும், வேலையே தேடாமல் வீட்டில் இருப்பவரையும் பேச்சுவழக்கில் ‘வேலையில்லாதவர்’ என்றே சொல்லிவிடுகிறோம். புள்ளிவிவரக் கணக்கில் இவர்கள் ஒரே வகையினர் அல்லர். வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. முதலாமவர் அதற்குள் இருக்கிறார், இரண்டாமவர் வெளியே. மொத்த மக்கள்தொகையிலிருந்து வேலை செய்வோரைக் கழித்து, மிச்சமெல்லாம் ‘வெளியே’ என்று எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

முதல் படி: வயது வரம்பு

குழந்தைகளை முதலில் நீக்குங்கள். பன்னாட்டு ஒப்பீடுகளில் பொதுவாக 15 வயதும் அதற்கு மேலும், அமெரிக்காவில் 16. மேல்வரம்பையும் பாருங்கள். 15 முதல் 64 வரை என்று நிறுத்தினால் முதியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், ‘வெளியே’ இருப்போரின் விகிதம் சட்டென்று குறைந்து தெரியும்.

இரண்டாம் படி: மூன்று வகை

இங்கே அவசரப்படாதீர்கள். கணக்கெடுப்பாளர் “நீங்கள் யார்?” என்று கேட்பதில்லை, “கடந்த வாரம் என்ன செய்தீர்கள்?” என்றுதான் கேட்கிறார். அந்த வாரத்தில் கூலிக்காகவோ லாபத்துக்காகவோ ஒரு மணி நேரமாவது உழைத்திருந்தால், அவர் வேலையில் உள்ளவர். விடுப்பில் இருந்தவரும் அப்படியே. கல்லூரி மாணவி சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கடையில் நின்று சம்பளம் வாங்கினால், அவரை மாணவி என்று ஒதுக்க முடியாது. அவரும் வேலையில் உள்ளவர்தான். ஒரு மணி நேரம் போதுமா என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அது உறுத்தியதுண்டு. ஆனாலும் விதி அதுதான்.

வேலை இல்லை என்றால் அடுத்த கேள்விகள்: கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினாரா? கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் சேர முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் வேலையற்றவர். மூன்று மாதங்களுக்குள் சேரவேண்டிய வேலை ஏற்கெனவே உறுதியாகி, இப்போதே சேரவும் தயாராக இருப்பவர் தேடாவிட்டாலும் இதே வகைதான். இவற்றில் எதிலும் அடங்காத அனைவரும் தொழிலாளர் படைக்கு வெளியே.

மூன்றாம் படி: கழித்தல்

1000 பேர் வாழும் ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்குக் குறைந்தோர் 260, மீதி 740. வேலையில் 410, வேலையற்றோர் 30 என்றால் தொழிலாளர் படை 440. வெளியே 300 பேர், அதாவது 740-இல் 40.5 சதவீதம். வேலையின்மை விகிதத்துக்கு மட்டும் வகுக்கும் எண் 740 அல்ல, 440: 30-ஐ 440-ஆல் வகுத்தால் 6.8 சதவீதம்.

இப்போது வேலையற்ற 30 பேரில் 10 பேர் சலித்துப்போய்த் தேடுவதை நிறுத்துகிறார்கள். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. ஆனால் வேலையின்மை 20/430, அதாவது 4.7 சதவீதமாக இறங்கிவிடுகிறது! நிலைமை தேறிவிட்டதாகச் செய்தி வரும். வெளியே இருப்போர் 310 ஆனதைப் பார்த்தவருக்குத்தான் கதை புரியும்.

நான்காம் படி: வெளியே இருப்பவர்களைப் பிரித்தல்

அந்த 310 பேரும் ஒரே ரகமல்ல. தேடவில்லை, ஆனால் வேலை வேண்டும், சேரவும் தயார் என்பவர்கள் உண்டு. தேடினாலும் உடனே சேர முடியாதவர்களும் உண்டு. இவ்விரு பிரிவினரையும் சேர்த்து ‘சாத்தியத் தொழிலாளர் படை’ எனலாம். நம் கற்பனை நாட்டில் இவர்கள் 25 பேர் என்றால், (20 + 25) ÷ (430 + 25) = 9.9 சதவீதம். 4.7-ஐவிட இந்த எண்ணையே நான் அதிகம் நம்புவேன்.

கணக்கெடுப்பின் மூலத் தரவை நீங்களே கையாளும்போது வரிசைகளை எண்ணாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தரப்பட்டிருக்கும் எடை எண்ணைக் கூட்டுங்கள். மாதிரியில் வந்த ஒருவர் நாட்டில் பல நூறு பேருக்காகப் பேசுகிறார்.

ஆண்டுகளை ஒப்பிடும்முன் வரையறையையும் பாருங்கள். 2013-இல் ஜெனீவாவில் நடந்த பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, ‘வேலை’ என்பதைக் கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது என்று சுருக்கியது. தன் வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் பயிரிடும் உழவர் அதுவரை வேலையில் உள்ளவர். புதிய வரையறையின்படி, வேறு வேலையும் தேடலும் இல்லாவிட்டால், அவர் வெளியே. மண்வெட்டியை அவர் கீழே வைக்கவே இல்லை. ஒரு நாடு இந்த வரையறைக்கு மாறிய ஆண்டுக்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். அந்த ஆண்டில் கோட்டை முறித்துக் காட்டுங்கள்.