ஒரே வாயில் விழுங்கிய மூன்று மாத்திரைகள்: தைராய்டு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தங்கை மகள் தன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். வாரத்தின் ஏழு நாள்களுக்கும் காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொரு காலைக் கட்டத்திலும் மூன்று மாத்திரைகள் இருந்தன: பொடிசாக வெள்ளைத் தைராக்சின் (குறைவாகச் சுரக்கும் தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் மாத்திரை), பழுப்பு நிற இரும்புச்சத்து, நீளமான கால்சியம். "ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்றும் முடிந்துவிடும் பெரியம்மா, மறக்கவே மாட்டேன்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 14 வருடங்களுக்கு முன் என் அலமாரியிலும் இதே பெட்டி இருந்தது, இதே மூன்று மாத்திரைகளோடு.

மாத்திரையை மறப்பது, டி.எஸ்.எச். (உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறி, கூடினால் இறங்கும் ரத்தப் பரிசோதனை எண்) சரியாகிவிட்டது என்று தானாக நிறுத்திவிடுவது, பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆகியவற்றைப் பற்றி எல்லா மருத்துவர்களும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒருநாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் செய்கிற தவறுகள் சில உண்டு. அவை வெளியே தெரிவதில்லை.

எல்லா மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குவது

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் எனக்கு ரத்தசோகை. பிரசவம் பார்த்த மருத்துவர் இரும்புச்சத்தும் கால்சியமும் எழுதிக் கொடுத்தார். தைராய்டுக்குப் பார்த்தவர் வேறொருவர். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்கவில்லை. நான் மூன்றையும் காலைக் கட்டத்தில் போட்டேன்.

அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 11. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், அது உண்மைதான். தைராக்சின் அளவு 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆனது. அதற்கும் குறையவில்லை, 125 ஆனது. அந்த மாதங்களில் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி எழுந்திருக்கத் தெம்பு திரட்டிக்கொண்டிருப்பேன். சீப்பில் முடி கொத்தாக வரும். எல்லாரும் மெல்லிய சட்டையில் இருக்கும்போது எனக்கு மட்டும் குளிரும். இரண்டு குழந்தை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். 'எதனோடு சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள்?' என்ற ஒற்றைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நடந்தது இதுதான். கால்சியமும் இரும்பும் இரைப்பையிலும் குடலிலும் தைராக்சினைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படி ஒட்டிக்கொண்ட தைராக்சின் ரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். அலுமினியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்துகளும் இதையே செய்கின்றன. நான் நாள்தோறும் விழுங்கிய மாத்திரையில் ஒரு பங்கு எனக்குக் கிடைக்கவே இல்லை. தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியோ உணவோ. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி. காலையில் இது முடியாதவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்கப்போகும்போது சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ரத்தசோகை சரியானதும் இரும்பும் கால்சியமும் நின்றன. தடுத்துக்கொண்டிருந்தவை போய்விட்டதால் 125 மைக்ரோகிராம் முழு வலுவோடு உடலில் இறங்கியது. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். 0.02. படுத்தால் தலையணையில் இதயத் துடிப்பு கேட்கும். பால் ஊற்றும்போது கை நடுங்கி மேசையில் சிந்தும். தூக்கம் இல்லை. அற்பக் காரியத்துக்கெல்லாம் கத்தினேன். தேவைக்கு மேல் தைராக்சின் நீண்ட நாள் உடலில் இருந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும், எலும்பின் அடர்த்தி குறையும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது. கதவைச் சாத்தும்போது ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் கதவின் ஓரத்தையும் பிடித்து, சத்தமே வராமல் சாத்தப் பழகியிருந்தான். அளவு குறைந்து உடல் தணிந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. அவன் எப்போதிலிருந்து அப்படிச் செய்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் ஒரு மருந்தாளுநர். பழைய சீட்டுகளையெல்லாம் வரிசையாக வைத்துத் தேதிகளைப் பார்த்துவிட்டு, "இவற்றைக் காலையில் ஒன்றாகவா சாப்பிட்டீர்கள்?" என்றார். ஒன்றரை வருடத்துக்குப் பின் மருத்துவர் மறுபடி 75க்கே கொண்டுவந்தார். இதைத் தவிர்க்க ஒரு காசு செலவில்லை. இரண்டு மருத்துவர்களின் சீட்டையும் ஒருசேரப் பார்க்கிறவர் நோயாளி ஒருவர்தான். எல்லாச் சீட்டுகளையும், கடையில் தானாக வாங்கும் சத்து மாத்திரைகளின் பெயர்களையும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். ஒரு மாத்திரை புதிதாகச் சேர்ந்தாலும் சொல்லுங்கள், நின்றாலும் சொல்லுங்கள். நின்றதைச் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை

அளவு மாற்றியவுடன் முடிவு தெரிய வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் இருந்தது. ஆனால் ரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். புதிய அளவு நிலைபெற ஐந்தாறு வாரங்கள் வேண்டும், டி.எஸ்.எச். அதற்கும் பின்னால்தான் வரும். ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுங்கள். அதற்கு முன் எடுத்த எண்ணை நம்பி அளவை மாற்றினால் ஏற்ற இறக்கம் ஓயாது.

முடிக்கென்று பயோட்டின்

தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் கை தானாகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைத் தேடும். அதிக அளவு பயோட்டின் சில பரிசோதனை முறைகளையே குழப்பி, டி.எஸ்.எச். குறைவாகவும் தைராக்சின் கூடுதலாகவும் இருப்பதுபோல் காட்டும். உடலில் ஒரு மாற்றமும் இல்லாமல் அறிக்கை மட்டும் மாறிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடல்பாசி, அயோடின் மாத்திரைகள்

மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கர்ப்பம் தெரிந்தபின் காத்திருப்பது

கருவின் தைராய்டு முதல் 12 வாரம் வரை தனக்கு வேண்டியதைச் சுரப்பதில்லை. அதுவரை தாயிடமிருந்து வருவதுதான். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கர்ப்பத்தில் பெரும்பாலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல் அளவு தேவைப்படும், அதுவும் தொடக்கத்திலேயே. அடுத்த சந்திப்புத் தேதி ஒன்றரை மாதம் தள்ளி இருக்கிறது என்று காத்திருக்காமல், உறுதியான அன்றே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும்

கார்பிமசோல், தைராய்டு அளவுக்கு மேல் சுரப்பவர்களுக்குத் தரும் மாத்திரை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அதை நிறுத்தி, அன்றே ரத்த வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் தைராய்டின் கணக்கில் எழுதுவது

இது வீட்டாரின் தவறு. நோய் தெரிவதற்கு முன் 'சோம்பேறி' என்பார்கள். தெரிந்த பின் வேறொன்று தொடங்கும்: நோயுள்ள பெண் எதற்குக் கோபப்பட்டாலும் "தைராய்டு, அப்படித்தான்" என்று நகர்ந்துவிடுவார்கள். நியாயமான கோபத்துக்கும் அதே பதில். என் கணவர் அன்போடுதான் அப்படிச் சொன்னார், ஆனால் அதைக் கேட்கும்போது வாய் அடைத்துப்போகும். டி.எஸ்.எச். சரியாக இருந்த வருடங்களிலும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அதற்குக் காரணமும் இருந்திருக்கிறது. அவள் சொல்வதை முதலில் முழுவதும் கேளுங்கள். சோர்வோ எரிச்சலோ வாரக்கணக்கில் நீண்டால் அதன்பின் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

தங்கை மகள் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள். இரும்பு மதியக் கட்டத்துக்கும் கால்சியம் இரவுக் கட்டத்துக்கும் போய்விட்டன. காலைக் கட்டத்தில் இப்போது பொடி வெள்ளை மாத்திரை ஒன்றுதான் இருக்கிறது. அளவைக் கூட்டலாம் என்றிருந்தவர், ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று சொல்லியிருக்கிறார்.